ஒத்தைக்கால் பாறையில் இரண்டு குடங்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் இதை எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மகளுக்குப் போடும் கார்டுகள்தான். அதிலும் பாதி இடத்தை நலம் விசாரிப்பே பிடித்துக்கொள்ளும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்குக் காகிதத்தைக் கண்டதும் மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. போன மாதம் கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். வளைவுக்கு வளைவு ஒருவர் வாந்தி எடுத்தார். நான் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, நாங்கள் ஏறிய பழைய தடம் எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைவாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். வெள்ளாமைக் காடும் பிரிந்துவிட்டது. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் அப்பா முறை, ஒரு நாள் பெரியப்பா முறை என்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஊரில் ஒரு சாவு விழுந்து இரண்டு பேருமே இறைக்கவில்லை. அந்த நாள் யாருடைய கணக்கில் சேரும் என்பதில் பேச்சு தடித்து, அப்பா ஒரு வார்த்தை சொல்ல, பெரியப்பா இரண்டு வார்த்தை சொல்ல, அன்றோடு நின்றது பேச்சு. மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பேச்சுதான் நின்றதே தவிர சத்தம் நிற்கவில்லை. பெரியப்பா அந்தப் பக்கம் தும்மினால் அம்மா இந்தப் பக்கம் "நூறு" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கிக்கொள்வாள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு குழந்தையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, அதனிடம் சொல்வார்கள். குழந்தை கிடைக்காவிட்டால் எருமையிடம் சொல்வார்கள். எருமை பாவம், கேட்டுக்கொள்ளும். என்னை எருமையைவிட மேலாக எல்லாரும் நினைத்தார்கள், ஏனென்றால் நான் சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

அந்த வருஷம் என் தம்பி பிறந்து பத்து மாதம். சித்திரையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, ஒரு வாரம் கண்ணே திறக்கவில்லை. அப்பா கொல்லிமலைக் கோயில் சாமிக்கு வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால் காவிரித் தண்ணீர் ஒரு குடம் தலையில் சுமந்து வந்து ஊற்றுகிறேன் என்று. தம்பி பிழைத்தான். அப்பா கையில் காப்புக் கட்டிக்கொண்டு, மோகனூர் போய்க் காவிரியில் தண்ணீர் எடுத்து வந்தார். தீர்த்தக் குடத்துக்குச் சட்டம் கடுமை. தரையில் வைக்கக்கூடாது. காப்புக் கட்டாத கை படக்கூடாது. முக்கியமாக, புறப்பட்ட குடம் எக்காரணம் கொண்டும் பின்னால் போகக்கூடாது. வைகாசி அமாவாசை அன்று உச்சிப் பூசைக்கு ஊற்றியாக வேண்டும்.

அம்மாவால் பிள்ளையை விட்டு வர முடியாது. திருநீறு வாங்கி முடிந்து வர வீட்டுப் பெண் ஒருத்தி போக வேண்டும் என்று என்னை அனுப்பினாள். எனக்கு மலையும் தெரியாது, தீர்த்தமும் தெரியாது. வண்டியில் போகலாம் என்பது தெரியும். அது போதுமாக இருந்தது.

வண்டி அடிவாரத்தோடு நின்றுவிட்டது. விடிந்தும் விடியாமலும் இருந்தது. அங்கே ஒரு புளியமரத்தடியில் எங்கள் ஊர் மேளக்காரர்கள் மேளத்தையே தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அப்பா முகம் சுருங்கியது. விஷயம் இதுதான். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு மழை கேட்டு மலை அருவித் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அந்த வருஷம் அதைக் கொண்டுவரும் மரியாதையை ஊரார் பெரியப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் முதல் நாளே ஏறிப் போயிருந்தார். விளக்கு வைக்கும் முன் ஊருக்குள் மேளத்தோடு நுழைய வேண்டும். அவர் இறங்குகிற நாளிலேயே நாங்கள் ஏறப்போகிறோம்.

"வழியில பாத்தாப் பாத்துட்டுப் போறோம். நீ நட சாமி" என்றார் அப்பா.

மலைத்தடம் முதலில் காட்டுக்குள் போனது. அது ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு நாழிகை ஏறியதும் மரங்கள் விலகிப் பாறை வந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், ஒரு பக்கம் ஒன்றுமில்லை. கீழே பார்த்தால் வெளுத்த புகை, கண்ணுக்கெட்டிய தூரம். நாமக்கல் மலை அதில் ஒரு கவிழ்த்த சட்டிபோல் மிதந்தது. கடல் என்று ஒன்று உண்டு என வாத்தியார் சொல்லியிருந்தார். அதன் கரையில் பாறைகள் இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது.

"இதுதான் கடலுங்களாப்பா?"

"கடலுமில்ல, கிடலுமில்ல. நம்ம சீமைதான் அது. கீழ பாக்காத, காலப் பாத்து வை."

வெயில் ஏறியதும் புகை கலைந்து காடுகளும் வறண்ட ஏரிகளும் தெரிந்தன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அங்கேயே நின்று எங்கள் வீட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

பாதி மலைக்கு மேலே ஒத்தைக்கால் பாறை என்று ஓர் இடம். ஒரு கால் வைக்கிற அகலம்தான் என்பதால் மலைக்காரர்கள் அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். உண்மையில் ஒன்றரைக் கால் வைக்கலாம். நாற்பது ஐம்பது தப்படி நீளத்துக்கு மலைச்சுவரில் ஒரு வரிபோல் ஓடும். அதன் இரண்டு முனையிலும் தடம் அகலமாகிவிடும். நடுவில் ஒதுங்க இடம் இல்லை. அப்பா ஒரு கையால் தலைக்குடத்தைப் பிடித்துக்கொண்டே, நீளத் துண்டின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினார். நான் முன்னால், அவர் பின்னால். நான் மலைச்சுவரை வயிற்றால் தேய்த்துக்கொண்டு நண்டு மாதிரி நகர்ந்தேன். காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. மயிர்க்கூச்செறியும் பயமும் இருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்ற சந்தோஷமும் இருந்தது. இரண்டில் சந்தோஷம்தான் ஒரு கை அதிகம்.

சரியாகப் பாதி வந்திருப்போம். எதிரே ஒரு ஜோடிக் கால் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் வேட்டி, தலையில் பித்தளைக் குடம், குடத்தின் வாயில் வேப்பிலை சொருகியிருந்தது. பெரியப்பா.

மூன்று பேரும் நின்றோம். குடத்தில் தண்ணீர் தளும்புகிற சத்தம் நின்ற பிறகு காற்று மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் ஒரு முழத்தில் பெரியப்பா. எனக்குப் பின்னால் ஒரு முழத்தில் அப்பா. பெரியப்பா குனிந்து என்னைப் பார்த்தார்.

"அம்மணி, உங்கப்பங்கிட்டச் சொல்லு. ஊருத் தீர்த்தம் வருது, ஒதுங்கச் சொல்லு."

நான் கழுத்தைத் திருப்பினேன். "அப்பா, ஊருத் தீர்த்தம் வருதாமுங்க. ஒதுங்கோணுமாமுங்க."

"எங்க ஒதுங்கறதுன்னு கேளு. காத்துலயா?"

"எங்கீங்க ஒதுங்கறதுன்னு கேக்கறாருங்க பெரியப்பா. காத்துலயாங்கறாரு."

"வந்த வழியே இருவது தப்படி பின்னால போகச் சொல்லு."

"தீர்த்தக் குடம் பின்னால போகப்படாதுன்னு அவுங்களுக்குத் தெரியாதான்னு கேளு. அப்படிப் போறதுன்னா அவுங்க போகட்டுமே."

"ஊருக் குடம் பின்னால போனா ஊருக்கு மழ எங்கிருந்து வரும்னு கேளு."

"எங்குடம் பின்னால போனா எம்பையனுக்கு" என்று தொடங்கிய அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார்.

அரை வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவே கேட்டுவிட்டார். ஆனால் என்னிடம்தான் கேட்டார்.

"பையனுக்கு இப்ப எப்படி இருக்குதுன்னு கேளு."

"நல்லாருக்கறான்னு சொல்லு" என்றார் அப்பா, நான் திரும்புவதற்கு முன்பே.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாறை காலைச் சுட்டது. நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். உச்சிப் பூசை போய்க்கொண்டிருந்தது. ஊரில் விளக்கு வைக்கிற நேரமும் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தலையில் குடத்தோடு, செதுக்கி வைத்த சிலைகள் மாதிரி நின்றார்கள். நடுவில் நான்.

அப்போதுதான் மேலே இருந்து ஒரு குரல் வந்தது. பாறையின் மேல்முனையில், தடம் அகலமாகிற இடத்தில், பலாப்பழக் கூடையோடு ஒரு மலைக்காரம்மா குந்தியிருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாளோ.

"ஏஞ்சாமி, கல்லாவே ஆயிட்டீங்களா? எம்பழமெல்லாம் இங்கயே பழுத்து வெடிச்சுரும்போல இருக்குதே!"

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "தீர்த்தம் அம்மா. பின்னால போகப்படாது" என்றார்.

"ரெண்டுமா தீர்த்தம்?"

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் கையில காப்பு இருக்குதா?"

"இருக்குது."

"ஒன்னு மேல போகோணும், ஒன்னு கீழ போகோணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அப்பறம் என்ன சாமி? குடத்த மாத்திக்கிட்டுத் திரும்பி நடங்க. போகவேண்டியது குடமா, நீங்களா?"

இதைச் சொல்லிவிட்டு அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் கணக்கில் மட்டம். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று விளங்கியது. அப்பா குடத்தைப் பெரியப்பா வாங்கிக்கொண்டு மேலே திரும்புவார். பெரியப்பா குடத்தை அப்பா வாங்கிக்கொண்டு கீழே திரும்புவார். எந்தக் குடமும் பின்னால் போகாது. இவ்வளவு சுலபமானதற்கு இவர்கள் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் அப்போது விளங்கவில்லை. மேளத்தோடு ஊருக்குள் நுழைய வேண்டியவர் பெரியப்பா. அதை விட்டுக்கொடுக்க வேண்டும். தன் பிள்ளைக்கு வேண்டிய வேண்டுதலைத் தன் கையால் ஊற்ற வேண்டியவர் அப்பா. அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் யாருக்கு!

கடைசியில் பெரியப்பாதான் பேசினார். "உங்கப்பன் என்ன சொல்றான்னு கேளு, அம்மணி."

நான் திரும்பினேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் குடித்த கம்பங்கூழ் வயிற்றில் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. அதை அங்கே நின்று யாரிடம் சொல்வது? நான் பெரியப்பா பக்கம் திரும்பி,

"சரீங்கறாருங்க" என்றேன்.

சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அதுவரை ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஆனால் இறங்கியாகிவிட்டது. அப்பா பக்கம் திரும்பி இதையும் சொல்லிவிட்டேன்:

"பெரியப்பாவும் சரீங்கறாருங்கப்பா."

கொஞ்சம் பொறுத்து அப்பா தலையிலிருந்து குடத்தை மெதுவாக இறக்கினார். நான் சுவரோரம் குந்திக்கொண்டேன். என் தலைக்கு மேலே குடம் போயிற்று. பெரியப்பா ஒரு கையால் தன் தலைக்குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அப்பாவின் குடத்தை வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டார். இப்போது இரண்டு குடமும் அவரிடம் இருந்தன. அப்பா கை காலியாக இருந்தது. ஒரு குடத்தை வாங்குவதற்கு முன்னால் துண்டு முடிச்சு ஒன்று பாக்கி. சாமி பார்த்துத் திருநீறு வாங்க வேண்டியவள் நான். ஆகவே மேலே போகிறவரோடு நான் போக வேண்டும். அப்பா தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, எட்டிப் பெரியப்பாவின் இடுப்பைச் சுற்றித் துண்டைக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பாவின் காலடியில் இருந்த கல் ஒன்று பெயர்ந்தது. அது உருண்டு போனது தெரிந்தது. விழுந்த சத்தம் வரவே இல்லை. பெரியப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு குடமும் சாய்ந்தன. அப்பா துண்டோடு சேர்த்து அவரை இடுப்பில் கட்டிப்பிடித்துச் சுவரோடு அழுத்தினார். நான் இரண்டு பேருடைய முழங்காலுக்கும் நடுவில் நசுங்கினேன்.

"அண்ணா! அசையாதீங்க. நான் புடிச்சிருக்கறேன்."

"கெட்டியாப் புடிடா."

"புடிச்சிருக்கறனுங்ணா. காலச் சுவத்தோரம் வைங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அப்படித்தான்."

மேலே இருந்த மலைக்காரம்மா, "அடியாத்தே!" என்று ஒரு தடவை கத்தினாள். பெரியப்பாவின் மூச்சும் அப்பாவின் மூச்சும் என் தலைக்கு மேலே புஸ் புஸ் என்று வந்துகொண்டிருந்தன. குடத்திலிருந்து தெறித்த தண்ணீர் என் முதுகில் விழுந்து சில்லென்று இருந்தது. அது காவிரியா அருவியா என்று இன்றுவரை தெரியாது.

கால் ஊன்றி நின்றதும் இரண்டு பேருக்கும் நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. அப்பா கையை எடுத்துக்கொண்டார். பெரியப்பா என்னைத் தேடி, தன் முழங்காலுக்குக் கீழே கண்டுபிடித்து, "உங்கப்பங்கிட்டச் சொல்லு அம்மணி, முடிச்ச நல்லா எறுக்கிப் போடச் சொல்லு" என்றார்.

"முடிச்ச எறுக்கிப் போடோணுமாமுங்கப்பா."

அப்பா இறுக்கிப் போட்டார். பெரியப்பாவின் தலையிலிருந்து ஊர்க்குடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பெரியப்பா எங்கள் குடத்தைத் தன் தலைக்கு ஏற்றினார். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே அங்குலம் அங்குலமாகத் திரும்பினார்கள். இப்போது முதுகும் முதுகும் பார்த்துக்கொண்டு நின்றன. அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"புள்ள கூழக் குடிச்சிட்டு வந்திருக்குது. பாற தாண்டுனதும் செடி மறைவுல விடச் சொல்லு."

இதை யாரிடம் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. சொல்லவேண்டிய குழந்தையும் நான், விடவேண்டிய குழந்தையும் நான். பெரியப்பா "ம்" என்றார்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்குத் தம்பியின் பேர் தெரியும், நட்சத்திரம் தெரியாது. அதை அம்மாவிடம் கேட்டு வராமல் போனோமே என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, பெரியப்பா பேரையும் சொன்னார், நட்சத்திரத்தையும் சொன்னார், பிறந்தது விடியற்காலம் என்பதையும் கேட்காமலே சொன்னார். குடத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். தம்பி பிறந்ததிலிருந்து அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. சுவர் மெல்லிசு என்பது எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும்போல என்று நினைத்துத் திருநீற்றை முடிந்துகொண்டேன்.

அன்று இரவு கோயில் மண்டபத்தில் படுத்தோம். கீழே அப்பா மேளத்தோடு ஊருக்குள் நுழைந்ததை அம்மா பிறகு சொன்னாள். "அண்ணன் எங்கப்பா?" என்று ஊரே கேட்டதாம். "குடம் வந்துருச்சல்லொ" என்று மட்டும் அப்பா சொன்னாராம்.

எனக்குத்தான் பல வருஷம் நிம்மதி இல்லாமல் போயிற்று. தீர்த்தக் குடத்தின் முன்னால் நின்று ஒன்றல்ல, இரண்டு பொய் சொன்னவள் நான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்வார்கள். தினமும் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கூரையைப் பார்த்துப் பரீட்சை செய்துகொள்வேன். கண்ணில் கட்டி வந்தபோது முடிந்தது கதை என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மனிதர்கள் இரண்டு பேரை ஒரு சின்னப் பெண் ஏமாற்றிவிட்டாளே, தெரிந்தால் மறுபடியும் பேச்சு நின்றுவிடுமே என்று பயம். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகிற அன்றுகூட அப்பா காலில் விழுந்தபோது சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

பெரியப்பா எனக்கு முன்னால் ஒரு முழத்தில் நின்றார். அப்பா எனக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். நான் எந்தப் பக்கம் திரும்பி எதைச் சொன்னாலும் அது இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது வயதில் எனக்கு இது தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் பெரியப்பாவும் நானும் ஊர் வந்து சேர்ந்தோம். மழை பெய்யவில்லை. சாயங்காலம் பெரியம்மா மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து, அம்மாவிடம் முறம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.